அளவை நாமே வைப்போம்: கடன் அட்டையும் இல்லறத்தார் விரதமும்

(தென்மாவட்டங்களில் பணிநிமித்தம் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் கழுகுமலையைத் தரிசித்துத் திரும்பிய மறுநாள் திருநெல்வேலியில் ஒன்றுகூடின. அக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

நேற்றுக் காலை நாம் கழுகுமலைப் பாறையின் முன் நின்றோம். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில், பாண்டியர் ஆட்சியில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கே வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அவற்றுள் பலவற்றின் கீழே வட்டெழுத்தில் சில சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. "அதில் என்ன எழுதியிருக்கிறது, தாத்தா?" என்று என் பேரன் கேட்டான். அந்தத் திருவுருவத்தைச் செய்வித்தவர் யார், அவர் எந்த ஊரினர் என்று எழுதியிருக்கிறது என்றேன். செய்வித்தவர்களுள் குரத்தியார் எனப்படும் பெண் துறவியர் உண்டு, குயவர் உண்டு, தச்சரும் கொல்லரும் உண்டு. ஒருவரே பொருளை வாரி இறைத்து அந்தப் பாறை முழுவதையும் நிரப்பவில்லை. எளிய மக்கள் தத்தம் அளவுக்கு ஒரு சிறு திருவுருவம் செய்வித்தார்கள். அவை சேர்ந்தே அந்த மலை இன்று நாம் காணும் மலையாக ஆயிற்று.

'இல்லறமும் பொருளும்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நூல்களிலிருந்து பேசலாம் என்றே முதலில் குறிப்பு எழுதினேன். பின்னர் அதை ஒதுக்கிவிட்டு, என் வீட்டில் நேர்ந்த ஒன்றைப் பற்றியே பேசுவதென்று முடிவு செய்தேன். என் மகனும் மருமகளும் இவ்வவையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய இசைவைப் பெற்றே பேசுகிறேன். பேசப்போவது கடன் அட்டையைப் பற்றி; அதாவது கிரெடிட் கார்டைப் பற்றி.

வெள்ளம் வந்த வீடு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்ட மக்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. சந்திப்புப் பேருந்து நிலையம் நீரில் மூழ்கியது. சிந்துபூந்துறையிலும் மீனாட்சிபுரத்திலும் வீடுகளுக்குள் ஆறு புகுந்தது. என் மகன் குடும்பத்தோடு வாடகைக்கு இருந்த வீடும் அவற்றுள் ஒன்று. குழந்தைகளோடு மாடிக்கு ஏறி உயிர் பிழைத்தார்கள். நீர் வடிந்து கீழே இறங்கியபோது, குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் குப்புறக் கிடந்தது.

மிகுதியாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் என அரசு அறிவித்து வழங்கியது. அது அந்த மாதத்து அரிசிக்கும் பாலுக்கும் உதவியது. மற்றவற்றுக்கு மகன் கடன் அட்டையை எடுத்தான். குளிர்சாதனப் பெட்டி 24,000 ரூபாய். துணி துவைக்கும் இயந்திரம் 16,000. அடுப்பு, மிக்சி, கிரைண்டர் 12,000. மெத்தை, போர்வை, குழந்தைகளின் பள்ளிப் பை, புத்தகங்கள் 7,000. நீர் புகுந்த பைக்கின் என்ஜின் வேலை 9,000. மொத்தம் 68,000 ரூபாய்.

இவற்றுள் ஆடம்பரம் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கடன் என்றவுடன், வீண்செலவு செய்தவன், ஆசைக்கு அடிமைப்பட்டவன் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். இடர் வந்தபோது கையில் சேமிப்பில்லாத குடும்பம், கைக்கெட்டிய முதற்கடனை வாங்கியது. நடந்தது அவ்வளவே.

அவர்களுடைய வரவைச் சொல்கிறேன். தனியார் நிறுவனமொன்றில் மகனுக்குச் சம்பளம் 31,000. மருமகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து ஈட்டுவது 5,000. ஆக 36,000 ரூபாய். வாடகை 8,000, மளிகை, பால், காய்கறி 10,500, மின்சாரம், எரிவாயு, தொலைபேசி 2,500, பள்ளிக் கட்டணமும் வேனும் 4,500, பெட்ரோல் 2,500, மருந்தும் காப்பீடும் 2,000, மற்றவை 1,500. செலவு 31,500 போக மிஞ்சுவது 4,500. இந்த 4,500 ரூபாய்தான் 68,000 ரூபாய்க் கடனை எதிர்த்து நிற்கவேண்டும்.

46,000 ரூபாய் எங்கே போயிற்று?

கடன் அட்டையின் மாதக் கணக்கில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, செலுத்தவேண்டிய மொத்தத் தொகை. மற்றொன்று, குறைந்தபட்சத் தொகை. இது பெரும்பாலும் மொத்தத்தில் 5 விழுக்காடு அளவில் இருக்கும். முதல் மாதம் என் மகனுக்கு வந்த குறைந்தபட்சத் தொகை ஏறத்தாழ 3,500 ரூபாய். அதைக் கட்டினால் அபராதம் இல்லை. எவரும் தொலைபேசியில் அழைக்கமாட்டார்கள். தவணை ஒழுங்காகப் போகிறது என்றே அவன் எண்ணினான். 14 மாதங்கள் அப்படியே கட்டினான். இருமுறை மட்டும் நாள் தவறியது.

அந்த 14 மாதங்களில் அவன் கட்டியது ஏறத்தாழ 46,000 ரூபாய். கடன் 68,000 ரூபாயிலிருந்து எவ்வளவுக்குக் குறைந்தது தெரியுமா? 60,000 ரூபாய்க்கு. கட்டியதில் 8,000 ரூபாய் மட்டுமே கடனைக் கரைத்தது. எஞ்சியதெல்லாம் வட்டிக்கும் வரிக்கும் அபராதத்துக்கும் சென்றது.

கணக்கு இதுதான். அந்த அட்டையின் வட்டி மாதம் மூன்றரை விழுக்காடு. கேட்பதற்குச் சிறியது; ஆண்டுக்கு அது 42 விழுக்காடு. அந்த வட்டியின்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. 60,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 2,100; வரி 378; ஆக 2,478 ரூபாய். குறைந்தபட்சத் தொகை 3,124 ரூபாய். அதைக் கட்டினால் அசலில் கழிவது 646 ரூபாய் மட்டுமே. கடன் குறையக் குறைய குறைந்தபட்சத் தொகையும் குறைந்துகொண்டே போவதால், அதை மட்டுமே கட்டிவருகிறவருக்குக் கடன் பாதியாவதற்கே ஐந்து ஆண்டுகளுக்குமேல் ஆகும். அதற்குள் அந்தக் குளிர்சாதனப் பெட்டி பழுதாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. முந்தைய மாத நிலுவை ஒரு பகுதி நின்றாலும், வட்டியில்லாக் காலம் என்னும் சலுகை போய்விடும். அதன்பின் அட்டையில் வாங்கும் ஒரு கிலோ துவரம்பருப்புக்கும் வாங்கிய நாள் முதலே வட்டி ஓடும். அட்டையைக் கொண்டு ஏ.டி.எம்.இல் பணம் எடுத்தாலோ, நிலுவை இல்லாதபோதும் எடுத்த அன்றிலிருந்தே வட்டி, கட்டணம் வேறு.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். 30 விழுக்காட்டுக்குமேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்துவிட்டது. எனவே நமக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து வரம்பு கட்டுவார் என்று காத்திருப்பதில் பயனில்லை.

என் பிழை

ஒரு நாள் மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மகன் வேலையிலிருந்து திரும்பவில்லை. மேசைமேல் விட்டுச்சென்றிருந்த அவனுடைய பழைய தொலைபேசி ஒலித்தது. பேரன் எடுத்துப் பேசிவிட்டு, "தாத்தா, அப்பா பணம் கட்டவில்லையாம், ஒரு மாமா கோபமாகப் பேசுகிறார்" என்றான். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருமகளுக்கும் அப்போதுதான் முழுத்தொகை தெரிந்தது.

35 ஆண்டுகள் வங்கியில் இருந்தவன் நான். எத்தனையோ பேருக்கு வட்டிக் கணக்கை விளக்கியிருக்கிறேன். என் மகன் என்னிடம் ஏன் கேட்கவில்லை? அன்றிரவு அதைத்தான் கேட்டேன். அவன் சொன்னான்: "அப்பா, நம் குடும்பத்தில் எவரும் கடன்பட்டதில்லை என்று நீங்கள் சொல்லிச் சொல்லியே நான் வளர்ந்தேன். இதை எப்படி வந்து சொல்வேன்?"

அவையோரே, கடன் என்றால் நாம் உடனே லோபத்தைச் சொல்வோம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களில், அந்த வீட்டைச் சூழ்ந்தது லோபம் அன்று. என்னிடம் இருந்தது மானம். கடனற்ற குடும்பம் என்னும் செருக்கு. அதற்கு அஞ்சி அவனிடம் பிறந்தது மாயை, மறைத்தல். அந்த மறைப்பு நீடித்த ஒவ்வொரு மாதமும் ஏறத்தாழ 2,500 ரூபாயை விலையாகக் கேட்டது. முதல் மாதமே அவன் சொல்லியிருந்தால் பெருந்தொகை மிஞ்சியிருக்கும். சொல்லத்தக்க இடமாக நான் இருந்திருக்க வேண்டும். தசலட்சண நாள்களில் ஆர்ஜவத்தைப் பற்றிக் கேட்கிறோம். மனத்திலுள்ளதை மறைக்காத நேர்மை அது. பிள்ளைகளிடம் அதை எதிர்பார்க்கும் பெரியவர்கள், அவர்கள் உண்மையைச் சொன்னால் சினவாமல் கேட்கும் பொறுமையையும் பழகிக்கொள்ள வேண்டும்.

வரம்பும் விரதமும்

கடன் அட்டையில் 'லிமிட்' என்று ஒன்று உண்டு. என் மகனுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய். இவ்வளவு வரை நீ செலவு செய்யலாம் என்று வங்கி வைத்த வரம்பு அது. அவனுடைய வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் எண்ணிப்பார்த்து வைத்த வரம்பு அன்று.

நம் சமயத்தில் இல்லறத்தாருக்கு வேறொரு வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஐந்து அணுவிரதங்களில் ஐந்தாவதான மிகுபொருள் விரும்பாமை, பரிக்கிரக பரிமாணம் என்றே பெயர் பெறும். பரிமாணம் என்றால் அளவு. துறவியர்க்கு முழுத் துறவு, இல்லறத்தார்க்கு அளவு. நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், ஆடை, பாத்திரம் என வகைப்படுத்தி, ஒவ்வொன்றிலும் எனக்கு இவ்வளவு போதும் என்று முன்னதாகவே வரையறுத்துக்கொள்வது. உண்பவையும் துய்ப்பவையுமான பொருள்களுக்கும் போகோபபோக பரிமாணம் என்று ஓர் அளவு உண்டு. அருங்கலச்செப்பு முதலிய நம் நூல்கள் இவ்விரதங்களை விளக்குகின்றன.

இவற்றில் எனக்கு இப்போது பெரிதாகத் தோன்றும் செய்தி, அளவைப் பொருளை வாங்கும் முன்பே வைத்துவிட வேண்டும் என்பது. கடைக்குள் நின்றுகொண்டு வைக்கும் அளவு அளவாகாது. வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பதை யமம் என்றும், குறித்த காலத்துக்கு ஏற்பதை நியமம் என்றும் பெரியோர் பிரித்திருக்கிறார்கள். இளங்குடும்பத்தாருக்கு நியமம் பெருந்துணை. ஓராண்டுக்கு என்று சொன்னால் மனம் இசையும்.

நெல்லைக்காரர்களுக்கு இதை விளக்க நூல்களுக்குக்கூடப் போகவேண்டியதில்லை. தாமிரபரணி வற்றாத ஆறு. ஆயினும் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் குறுக்கே உள்ளன. நீர் நிறைய ஓடுகிறதே, அணையும் மடையும் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. அளந்து திருப்பியதால்தான் கடைமடை வயலுக்கும் நீர் சேர்ந்தது. பெருக்கெடுக்கும் ஆற்றுக்கே அளவு வேண்டுமென்றால், மாதம் 36,000 ரூபாய் வரும் வீட்டுக்கு வேண்டாமா? அந்த அளவை நாம் வைக்காவிட்டால் வங்கி வைக்கும்.

நாங்கள் செய்தது

அன்றிரவே என் வைப்புத்தொகையிலிருந்து முழுவதையும் கட்டிவிட எழுந்தேன். மருமகள் தடுத்தாள். "மாமா, நீங்கள் கட்டிவிட்டால் அடுத்த முறையும் இவர் சொல்லமாட்டார். நாங்களே கட்டுகிறோம்; நீங்கள் கணக்கு மட்டும் பார்த்துக்கொடுங்கள்" என்றாள். அவள் சொன்னதே சரி.

முதலில், அனைவரும் அமர்ந்து எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதினோம். அட்டைக் கடன், கடைப் பாக்கி, நண்பரிடம் வாங்கிய கைமாற்று எதுவும் விடவில்லை. ஒவ்வொன்றின் எதிரிலும் தொகையை மட்டுமன்றி வட்டி விழுக்காட்டையும் எழுதினோம். எதை முதலில் அடைப்பது என்பதை அந்த விழுக்காடு சொல்லிவிடும். 42 விழுக்காட்டுக் கடன் நிற்கும்போது, வட்டியில்லாக் கைமாற்றுக்காரரிடம் உண்மையைச் சொல்லித் தவணை கேட்பதில் இழிவில்லை.

இரண்டாவதாக, அட்டையின் பயன்பாட்டை அன்றே நிறுத்தினோம். தொலைபேசியில் பொருள் வாங்கும் செயலிகளில் பதிந்துவைத்திருந்த அட்டை எண்ணையும் நீக்கினோம். வாளியின் ஓட்டையை அடைக்காமல் நீரை இறைப்பதில் பொருளில்லை.

மூன்றாவதாக, வட்டி மிகுந்த கடனை வட்டி குறைந்த கடனாக மாற்றினோம். மருமகள் தன் ஒன்றரைப் பவுன் சங்கிலியை, தானே விரும்பி, பொதுத்துறை வங்கியொன்றில் அடகு வைத்தாள். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி. அந்த 60,000 ரூபாயைக் கொண்டு அட்டைக் கடனை ஒரே நாளில் அடைத்தோம். முன்பு முதல் மாத வட்டியும் வரியும் 2,478, இப்போது 500. மாதம் 5,300 ரூபாய் வீதம் 12 மாதங்கள் கட்டினார்கள். மொத்த வட்டி ஏறத்தாழ 3,300 ரூபாய். அட்டையிலேயே குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவந்திருந்தால், அந்த ஆண்டில் 35,000 ரூபாய் கட்டியபின்பும் 52,700 ரூபாய் நின்றிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெண்ணின் நகை அவளுடைய உடைமை. அவள் முழுமனத்தோடு இசைந்தாலன்றி அதைத் தொடக்கூடாது. தவணை தவறினால் நகை ஏலத்துக்குப் போகும் என்பதையும் மறக்கக்கூடாது. அட்டையை நிறுத்தாமல் நகையை அடகு வைத்தால், ஆறு மாதத்தில் இரண்டு கடன்கள் நிற்கும்.

நகை இல்லாத குடும்பம் என்ன செய்வது? அப்போதும் வழியுண்டு. மேலும் செலவு செய்யாமல், குறைந்தபட்சத் தொகை குறைந்துகொண்டே வந்தாலும், மாதந்தோறும் அதே 5,300 ரூபாயை மாறாமல் கட்டினால், அந்த 60,000 ரூபாய் 16 மாதங்களில் தீரும். மொத்தம் 82,500 ரூபாய் ஆகும், கூடுதல்தான். ஆயினும் கடனுக்கு ஒரு முடிவு நாள் உண்டு. பாக்கியை மாதத் தவணையாக மாற்றித் தருமாறு வங்கியைக் கேட்கலாம். அதன் வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும். கட்டணத்தையும் வரியையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, மிஞ்சும் 4,500 ரூபாயை 5,300 ஆக்க வேண்டியிருந்தது. வெளியே உண்பதையும் தொலைபேசியில் படம் பார்க்கும் சந்தாக்களையும் ஓராண்டு நியமமாக விட்டார்கள். 800 ரூபாய் கிடைத்தது. மருமகள் மாலையில் மேலும் சில பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். 1,500 ரூபாய் வந்தது. அதைக் கடனுக்குக் கட்டலாம் என்றான் மகன். வேண்டாம் என்றேன். அதை அஞ்சலகத்தில் தொடர் வைப்பாகப் போட்டார்கள். கையிருப்பு இல்லாத வீட்டில், ஒரு காய்ச்சல் வந்தாலே கை மீண்டும் அட்டையைத் தேடும். இடையில் பைக் பழுதானபோது, அடுத்த இரு மாத வைப்பைத் தள்ளிப்போட்டு அந்தப் பணத்தில் சரிசெய்தார்கள்.

சென்ற மார்ச் மாதம் கடைசித் தவணை முடிந்தது. சங்கிலி வீட்டுக்கு வந்தது.

உங்கள் உரிமைகளை அறிந்துகொள்ளுங்கள்

ரிசர்வ் வங்கி 2022இல் கடன் அட்டைகளுக்கென விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றில் இல்லறத்தார் அறியவேண்டிய சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நீங்கள் கேளாமல் உங்களுக்கு அட்டை வழங்கக்கூடாது. உங்கள் இசைவின்றி வரம்பை உயர்த்தக்கூடாது. வரம்பைக் குறைக்குமாறு நீங்களே கேட்கலாம், கேளுங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் ஆண்டுக்கணக்கில் நீளும் என்னும் எச்சரிக்கையை மாதக் கணக்கில் அச்சிடவேண்டும் என்பது விதி. என் மகனுக்கு வந்த தாள்களிலும் அது இருந்தது. மிகச் சிறிய எழுத்தில். பாக்கி இல்லாத அட்டையை மூடக் கேட்டால் ஏழு வேலை நாள்களுக்குள் மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தரவேண்டும்.

கடன் வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது. மிரட்டக்கூடாது, இழிவுபடுத்தக்கூடாது. உறவினரையும் அயலாரையும் அழைத்து மானத்தை வாங்கக்கூடாது. அப்படி நடந்தால் முதலில் வங்கிக்கு எழுத்துமூலம் புகார் செய்யுங்கள். 30 நாள்களில் தீர்வு இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்னும் எண்ணில் வழிகாட்டுதல் பெறலாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அட்டைக் கடனை அடைக்கக் கந்துவட்டிக்காரரிடம் போகாதீர்கள். பெயர் தெரியாத கடன் செயலிகளையும் நாடாதீர்கள். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதலே சட்டம் இருக்கிறது. ஆயினும் 2017ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், இதே திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கு இரையானார்கள். அகிம்சையைப் பரம தருமம் என்று போற்றும் நாம் அந்த நாளை மறக்கலாகாது. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. கடன்பட்ட ஒருவர் நம்மிடம் வாய்திறந்து சொல்வாரானால், முதலில் அவரை அமரச்செய்து முழுவதையும் கேட்போம். அறிவுரை பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அட்சய திருதியையும் நாமும்

நிறைவாக ஒன்று. அட்சய திருதியை நெருங்கினால் நகைக்கடை விளம்பரங்கள் நம் வீடுகளுக்குள் வந்துவிடுகின்றன. அன்று பொன் வாங்கினால் பெருகும் என்கிறார்கள். அட்டையில் தவணையாகவும் வாங்கலாம் என்கிறார்கள். அந்த நாள் நமக்கு எப்படிப்பட்ட நாள் என்பதைக் குழந்தைகளுக்கு நாம் சொல்லவேண்டும்.

ஆதிநாதராகிய ரிஷபதேவர் நெடுநாள் உண்ணாநோன்புக்குப்பின் ஆகாரம் வேண்டி ஊர் ஊராக நடந்தார். துறவிக்கு ஆகாரம் அளிக்கும் முறை மக்களுக்குத் தெரியவில்லை. பொன்னையும் மணியையும் யானையையும் குதிரையையும் கொண்டுவந்து அவர்முன் நிறுத்தினார்கள். அவர் எதையும் ஏற்கவில்லை. அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முற்பிறப்பு நினைவால் முறையறிந்து, கரும்புச் சாற்றை அளித்தான். அதைக் கைகளில் ஏந்தி அருந்தினார். அந்தத் தானத்தின் நினைவே நமக்கு அட்சய திருதியை. கடன்பட்டுப் பொன் வாங்கும் நாளாக அதை நாம் ஆக்கிவிடலாகாது.

நம் சமூகத்துப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருமணத்திலும் மற்றச் சடங்குகளிலும் சீர்வரிசைக்கும் மொய்க்கும் மறுமொய்க்கும் ஓர் அளவை நாமே கூடி வகுக்கலாம். வசதியுள்ளவர் முதலில் குறைத்துக்கொண்டால், வசதியில்லாதவர் தலைகுனியாமல் குறைத்துக்கொள்வார். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட இயலாமல் எத்தனையோ வீடுகளில் அட்டை தேய்க்கப்படுகிறது. திருவிழா வரவில் ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டியில்லாமல், வெளியே பெயர் சொல்லாமல், பத்துத் தவணையில் திருப்பித்தரும் கல்விக் கைமாற்றாக அளிக்க அறக்கட்டளை எண்ணிப்பார்க்க வேண்டும். முதல் நன்கொடையாக என் பங்கை இன்றே தருகிறேன்.

இளங்குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரத்தில் ஒரு மாலை, கணவனும் மனைவியுமாக அமர்ந்து, அட்டைக் கணக்குத் தாளை நடுவில் வையுங்கள். மொத்தத் தொகையை உரக்கப் படியுங்கள். ஓராண்டுக்கு உங்கள் அளவு என்ன என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பூசை மாடத்தில் அதை வைத்தாலும் தகும். அதுவும் ஒரு விரதமே.

என் மகன் வீட்டில் அந்தக் குளிர்சாதனப் பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இந்த மாத வரவு, இந்த மாதச் செலவு, வைப்பில் போட்டது என மூன்று வரிகள். எழுதுவது என் பேரன். சென்ற மாதம் நான் போனபோது, அந்தத் தாளை அவனே எனக்குப் படித்துக்காட்டினான்.

 தெரிந்தோ தெரியாமலோ என் சொல்லால் எவர் மனமேனும் நொந்திருந்தால் பொறுத்தருள்க. ஜெய் ஜினேந்திரா.